சோறு மட்டும் போதாது!

(ராயகிரியில் விவசாயத் தொழிலாளர்களும் பஞ்சாலைத் தொழிலாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்.)



இந்த மாதிரிக் கூட்டங்களில் வழக்கமாகக் கூலி, போனஸ், பட்டா என்று பேசுவோம். இன்றைக்குச் சோற்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். சோறு கிடைக்காத கொடுமையைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. கிடைத்த சோறு வயிற்றுக்குள் போனபிறகு ரத்தத்தையும் இருதயத்தையும் என்ன செய்கிறது என்பதை இன்று பார்ப்போம்.

"இது டாக்டர்கள் பேசவேண்டிய விஷயமாயிற்றே?" என்று சிலர் கேட்கலாம். டாக்டர்கள் பேசட்டும். ஆனால் வியாதி வந்தால் விழுவது யார்? நமக்கு நிலம் கிடையாது, பாங்கில் பணம் கிடையாது. இருக்கிற ஒரே சொத்து இந்தத் தேகம். நாற்பத்தைந்து வயதில் மாரைப் பிடித்துக்கொண்டு ஒருவர் சாய்ந்தால், சாய்வது ஒரு குடும்பம். காலில் புண் ஆறாமல் ஒரு விரலை எடுத்துவிட்டால், மறுநாள் வரப்பில் நடக்க முடியாது; ரிங் பிரேமுக்கு முன்னால் எட்டு மணி நேரம் நிற்க முடியாது. ஆகவே இது தொழிலாளி பேசவேண்டிய விஷயம்தான்.

பணக்கார வியாதியா?

சர்க்கரை வியாதி என்றால் நெய்யும் ஸ்வீட்டும் சாப்பிட்டுச் சாய்மானத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு வருவது என்று ஒரு காலத்தில் நினைத்தோம். அந்தக் காலம் போய்விட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து நாடு முழுவதும் வீடு வீடாக எடுத்த கணக்கு 2023ல் வெளிவந்தது. அதன்படி நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை வியாதி இருக்கிறது. இன்னும் 13 கோடிக்கு மேற்பட்டவர்கள் அதன் வாசற்படியில் நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் நூறு பெரியவர்களுக்குச் சுமார் 14 பேர். பெரியவர்களில் மூன்று பேருக்கு ஒருவருக்கு மேல் ரத்தக் கொதிப்பு.

இவ்வளவு பேரும் மிராசுதார்களா? மில் முதலாளிகளா? இல்லை. வயலிலும் ஆலையிலும் வேர்வை சிந்துகிறவர்களும் இதற்குள் இருக்கிறார்கள். வசதியுள்ளவர் வருஷத்துக்கு ஒருமுறை பரிசோதனை செய்து, ஆரம்பத்திலேயே மாத்திரை போட்டுக்கொண்டு, தட்டையும் மாற்றிக்கொள்கிறார். நம்மில் பலருக்குக் கண் மங்கிய பிறகுதான், கால் மரத்த பிறகுதான் வியாதி இருப்பதே தெரிகிறது.

ஒரு டீஸ்பூன் கணக்கு

ஒரு பெரிய ஆளின் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. காலையில் வெறும் வயிற்றில் அந்த 5 லிட்டரிலும் கரைந்திருக்கும் சர்க்கரை எவ்வளவு தெரியுமா? சுமார் 5 கிராம். ஒரே ஒரு டீஸ்பூன்! அவ்வளவுதான் ரத்தம் தாங்கும்.

மத்தியானம் நாம் ஒரு கட்டு கட்டுகிறோம். கால் கிலோ அரிசிச் சோறு, அதன்மேல் குழம்பு, தொட்டுக்கொள்ள ஒரு துவையல். கால் கிலோ அரிசியில் மாவுச்சத்து ஏறக்குறைய 195 கிராம். இந்த மாவுச்சத்து என்பது என்ன? சர்க்கரை மணிகளை வரிசையாகக் கோத்த மாலை. வாயில் உமிழ்நீர் பட்டதும் மாலை அறத் தொடங்குகிறது. குடலுக்குப் போனதும் முழுவதும் உதிர்ந்துவிடுகிறது. நாக்குக்கு இனிப்பே தெரியாது. ஆனால் 5 கிராமுக்கு இடமுள்ள ரத்தத்தின் வாசலில், இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் அதைப்போல் 39 மடங்கு சர்க்கரை வந்து நிற்கிறது.

உடனே கணையம் என்ற உறுப்பு இன்சுலினைச் சுரக்கிறது. இன்சுலின் ஒரு சாவி. தசைகளின் கதவைத் திறந்து சர்க்கரையை உள்ளே அனுப்புகிறது. தசைகளும் கல்லீரலும் சேர்ந்து சுமார் 500 கிராம் சர்க்கரையைச் சேமித்து வைக்கும் கிடங்குகள். காலையில் நாற்று நட்டு, மண்வெட்டி பிடித்து, சுமை தூக்கிக் கிடங்கைக் காலி செய்தவருக்கு மத்தியானச் சோறு போய்ச் சேர இடம் இருக்கிறது. காலி செய்யாதவருக்கு? கிடங்கு நிரம்பியிருக்கிறது, சரக்கு வாசலில் குவிகிறது. கணையம் மேலும் மேலும் சாவிகளைச் செய்து அனுப்புகிறது. பூட்டுத் துருப்பிடித்துச் சாவி சரியாகத் திரும்புவதில்லை. வருஷக்கணக்கில் ஓவர்டைம் செய்த கணையம் ஒருநாள் களைத்துப் போகிறது. அதன்பின் சர்க்கரை ரத்தத்திலேயே தங்குகிறது. இதுதான் வியாதி.

ரத்தத்திலிருந்து இருதயத்துக்கு

"எண்ணெய் பலகாரத்தைத் தொடுவதே இல்லை. ரத்தத்தில் கொழுப்பு இருக்கிறது என்று டாக்டர் சொல்கிறாரே, எப்படி?" என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பதில் சோற்றில் இருக்கிறது.

கிடங்கில் இடமில்லாத மிச்சச் சர்க்கரையைக் கல்லீரல் சும்மா விடுவதில்லை, கொழுப்பாக மாற்றிவிடுகிறது. டிரைகிளிசரைடு என்ற அந்தக் கொழுப்பு ரத்தத்தில் கூடுகிறது. ரத்தக் குழாயைச் சுத்தம் செய்ய உதவும் நல்ல கொழுப்புக் குறைகிறது. ஒரு பங்கு வயிற்றைச் சுற்றித் தொந்தியாகத் தங்குகிறது. கூடவே, அதிகச் சர்க்கரை ரத்தக் குழாயின் உட்சுவரைப் புண்ணாக்குகிறது. புண்பட்ட சுவரில் கொழுப்புப் படிகிறது, குழாய் குறுகுகிறது. குளத்து மடையில் சகதி சேருவதுபோல் வருஷக்கணக்கில் சேர்ந்து, ஒருநாள் அடைத்துக்கொள்கிறது. இருதயத்தில் அடைத்தால் மாரடைப்பு. மூளையில் அடைத்தால் பக்கவாதம். சர்க்கரை வியாதி உள்ளவருக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களைப்போல் சுமார் இரண்டு மடங்கு.

இன்னொரு ஆபத்து உண்டு. நாள்பட்ட சர்க்கரையால் நரம்பு மரத்துப் போனவருக்கு மாரடைப்பு வந்தாலும் வலி தெரியாமல் போகலாம். வெறும் மூச்சுத் திணறல், திடீர் வேர்வை, தலைசுற்றல், வாந்தி. "வாயுத் தொல்லை" என்று சோடா வாங்கிக் குடித்துவிட்டுப் படுத்தவர்கள் எழுந்திருக்காத கதைகள் நம் ஊர்களில் குறைவா?

தவிடு எங்கே போயிற்று?

அப்படியானால் நம் பாட்டன் பூட்டன் சோறு சாப்பிடவில்லையா? சாப்பிட்டார்கள். ஆனால் தினந்தோறும் மூன்று வேளையும் வெள்ளைச் சோறு சாப்பிட்டவர்கள் எத்தனை பேர்? கம்பு, சோளம், கேப்பை, குதிரைவாலி என்று மாறிமாறிச் சாப்பிட்டார்கள். நெல்லுச் சோறு பல வீடுகளில் நாள் கிழமைக்குத்தான். அந்த அரிசியும் உலக்கையால் குத்தியது. தவிடு ஓரளவு ஒட்டிக்கொண்டிருக்கும்.

பிறகு மெஷின் வந்தது. உமியோடு நிற்காமல் தவிட்டையும் முளையையும் சேர்த்துச் சீவி, முத்துப்போல் வெள்ளை அரிசியைக் கொட்டிற்று. தவிட்டில்தான் நார்ச்சத்தும் பி வைட்டமின்களும் இருக்கின்றன. இதனால் வரும் கேட்டை ஆராய நம் குன்னூரிலேயே 1918ல் ராபர்ட் மக்காரிசன் என்ற டாக்டர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டின் ஒரே அறையில் வேலையைத் தொடங்கினார். தீட்டிய அரிசியை மட்டும் நம்பி வாழ்ந்தவர்களுக்குக் கால் வீங்கி இருதயம் தளரும் பெரிபெரி என்ற நோய் அன்று வந்தது. இந்தியாவின் ஒவ்வொரு பிரதேச மக்களின் சாப்பாட்டையும் எலிகளுக்குக் கொடுத்து அவர் வளர்த்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி என்ற சீக்கியரின் சாப்பாட்டில் வளர்ந்த எலிகள் திடமாக வளர்ந்தன. தீட்டிய அரிசியை நம்பிய சென்னை ராஜதானிச் சாப்பாட்டில் வளர்ந்தவை மிகவும் பின்தங்கின. அந்த ஆராய்ச்சிச்சாலை 1958ல் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

புழுங்கல் அரிசி சாப்பிட்டவர்கள் பெரிபெரியிலிருந்து பெரும்பாலும் தப்பினார்கள். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள வைட்டமினில் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அவித்துக் குத்தும் வழக்கம் அவ்வளவு அறிவான வழக்கம்!

சர்க்கரை விஷயத்தில் தீட்டுவதால் என்ன ஆகிறது? ஒரு சாப்பாடு எவ்வளவு வேகமாக ரத்தச் சர்க்கரையை ஏற்றுகிறது என்று அளக்க விஞ்ஞானிகள் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். சுத்தமான குளுகோஸின் வேகம் 100 என்று வைத்துக்கொள்வார்கள். 55க்குக் கீழே இருந்தால் மெதுவானது. 70ம் அதற்கு மேலும் வேகமானது. சென்னை ஆராய்ச்சி நிலையத்தார் ஒரே ரக நெல்லை மூன்று விதமாக அரைத்துச் சோதித்தார்கள். தவிடு நீக்காத அரிசிக்கு ஏறக்குறைய 58. நூற்றுக்கு 2.3 பங்கு மட்டும் தீட்டிய அரிசிக்கு 73. கடையில் கிடைப்பதுபோல் நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசிக்கு ஏறக்குறைய 80. கொஞ்சம் சீவினாலே போதும், வேகம் பிடித்துவிடுகிறது!

இதற்காகப் பெண்கள் மறுபடியும் உலக்கை பிடிக்கவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அந்த முதுகொடிக்கும் வேலை ஒழிந்தது நல்லதே. மெஷின் மேல் குற்றமில்லை. உமியை மட்டும் நீக்கும் ரப்பர் உருளை மெஷின்கள் இருக்கின்றன. பிறகு ஏன் தீட்டுகிறார்கள்? தவிட்டில் எண்ணெய் இருக்கிறது. அதனால் தீட்டாத அரிசி சில மாதங்களில் சிக்கு வாடை அடித்துவிடும். மூட்டை போட்டு வைத்து விலை ஏறும்போது விற்க அது தோதுப்படாது. சீவிய தவிட்டுக்கோ தனி விலை உண்டு. அது மாட்டுத் தீவனமாகவும் தவிட்டு எண்ணெயாகவும் போகிறது. நம் தட்டிலிருந்து எடுத்த சத்து பாட்டிலில் ஏறி, நம் கைக்கு எட்டாத விலையில் கடையில் நிற்கிறது!

கேப்பைக்கு மாறினால் போதுமா?

அரிசிக்கும் வியாதிக்கும் சம்பந்தம் உண்டு என்பது இன்று ஊகமல்ல. சென்னை நகரத்தில் நடந்த ஆராய்ச்சி ஒன்று 2009ல் வெளிவந்தது. தீட்டிய தானியத்தை மிக அதிகமாகச் சாப்பிட்டவர்களிடம் சர்க்கரை வியாதி காணப்படும் வாய்ப்பு, மிகக் குறைவாகச் சாப்பிட்டவர்களைப்போல் சுமார் ஐந்து மடங்காக இருந்தது. 2020ல் 21 நாடுகளில் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் பல வருஷங்கள் பின்தொடர்ந்த ஆராய்ச்சி வெளிவந்தது. வெள்ளைச் சோற்றை மிக அதிகமாகச் சாப்பிட்டவர்கள் நம் தெற்காசியாவில்தான். நாளுக்குச் சராசரி 630 கிராம் சோறு. இங்கே அதிகமாகச் சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை வியாதி வரும் வாய்ப்பு, குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட நூற்றுக்கு அறுபது பங்கு கூடுதல்.

இதைக் கேட்டதும் சிலர், "சரி, நாளை முதல் சோற்றை விட்டுக் கேப்பைக்கும் சப்பாத்திக்கும் மாறிவிடுகிறோம்" என்பார்கள். பொறுங்கள். 2025ல் வெளிவந்த அகில இந்திய ஆராய்ச்சி ஒன்று கவனிக்கத் தக்கது. 1,21,000க்கு மேற்பட்டவர்களின் சாப்பாட்டைக் கணக்கெடுத்தார்கள். நம் மக்களுக்குக் கிடைக்கும் சக்தியில் நூற்றுக்கு 62 பங்கு மாவுச்சத்து, சர்க்கரைப் பண்டங்களிலிருந்தே வருகிறது. புரதத்திலிருந்து 12 பங்குதான். மொத்த அளவைக் குறைக்காமல், வெள்ளை அரிசிக்குப் பதில் கோதுமை மாவு, சிறுதானிய மாவு என்று மாற்றுவதால் மட்டும் வியாதி அபாயம் குறைவதாகக் காணவில்லை. மாவுச்சத்தில் ஒரு பங்கைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, பயறு, பால், தயிர், முட்டை, மீன் ஆகியவற்றின் புரதத்தை வைத்தபோதுதான் அபாயம் குறைந்து காணப்பட்டது.

இதன் பொருள் என்ன? வேகமும் உண்டு, அளவும் உண்டு. நைசாக அரைத்த கேப்பை மாவில் காய்ச்சிய கூழ் ஒரு சட்டி குடித்தாலும் சர்க்கரை ஏறத்தான் செய்யும். செங்கோட்டைப் பக்கமிருந்து வரும் மரச்சீனிக் கிழங்கும் ஏறக்குறைய முழுக்க மாவுச்சத்துத்தான்; புரதம் சொற்பம். இரவு ஷிப்டு முடிந்து பிய்த்துப்போட்டுச் சாப்பிடும் பரோட்டாவோ, தவிடு முழுதும் போன மைதாவும் எண்ணெயும் சேர்ந்தது. பழைய சோற்றில், ஆறிய மாவுச்சத்தின் ஒரு சிறு பங்கு சீக்கிரம் ஜீரணமாகாது. சர்க்கரை சற்று மெதுவாக ஏறும். அதற்காகக் கும்பா நிறையக் குடித்தால் பலன் போய்விடும். ஆக, தானியத்தின் பேரை மாற்றுவதைவிடத் தட்டின் பங்கீட்டை மாற்றுவதே முக்கியம்.

தாயின் பட்டினி, பிள்ளையின் இருதயம்

"நான் ஒல்லி. எனக்கு ஏது சர்க்கரை?" என்று சொல்லும் தோழர்கள் நிறைய. இந்தத் தைரியம் ஆபத்தானது.

மைசூரில் ஹோல்ட்ஸ்வொர்த் ஆஸ்பத்திரி என்று ஒன்று உண்டு. அங்கே 1934க்கும் 1954க்கும் இடையில் பிறந்த குழந்தைகளின் எடை பதிவேட்டில் எழுதப்பட்டிருந்தது. அந்தக் குழந்தைகள் பெரியவர்களானபின் அவர்களைத் தேடிப் பிடித்துப் பரிசோதித்தார்கள். 1996ல் முடிவு வந்தது. பிறக்கும்போது இரண்டரைக் கிலோவும் அதற்குக் குறைவுமாக இருந்தவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கு இருதய நோய். மூன்று கிலோவுக்கு மேல் பிறந்தவர்களில் நூற்றுக்கு 3 பேருக்குத்தான்!

தாய் வயிறு வாடினால், வயிற்றிலுள்ள சிசு பஞ்சத்துக்குத் தக்கபடி தன்னை அமைத்துக்கொள்கிறது. தசை குறைவு, கணையம் பலவீனம். வளர்ந்தபின் கிடைப்பது வயிறு நிறைய வெறும் சோறு. சிறிய கிடங்கு, பெரிய சரக்கு. நம்மவர்கள் கை கால் ஒல்லியாகவும் வயிறு மட்டும் முன்னே தள்ளியும் இருப்பதைப் பார்க்கிறோம் அல்லவா? எடையைவிட இடுப்புச் சுற்றளவு முக்கியம். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர். அதைத் தாண்டினால் எச்சரிக்கை.

பட்டினியால் நேராகவே வரும் ஒரு வகைச் சர்க்கரை வியாதியும் இருக்கிறது. சிறு வயதிலிருந்து சத்துக் குறைவால் மெலிந்த ஏழை இளைஞர்களுக்கு வருவது. இதைப் பற்றி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் பல காலம் ஆராய்ந்து வந்தார்கள். 2025ல் சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் இதை ஐந்தாம் வகை என்று தனியாக ஏற்றுக்கொண்டது. ஏழையின் வியாதிக்கு ஒரு பேர் கிடைக்க இத்தனை காலம் ஆயிற்று.

தாய்மார்களே, வீட்டில் கடைசியாக உட்காருவது யார்? சட்டியின் அடியில் மிஞ்சிய சோற்றையும் ரசத்தையும் ஊற்றிக்கொள்வது யார்? பருப்பும் முட்டையும் ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் போய்விடுகிறது. கர்ப்பிணியின் தட்டில் பருப்பு இல்லையென்றால், நாற்பது வருஷம் கழித்து அவள் மகனின் இருதயம் அதற்குப் பதில் சொல்கிறது. இதை ஆண் தோழர்கள் மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். பெண்கள் கடைசியில் சாப்பிடும் வழக்கத்தை நம் வீடுகளில் நாம்தான் ஒழிக்க வேண்டும்.

உழைப்பு மாறிற்று, தட்டு மாறவில்லை

அறுவடை மெஷின் வந்துவிட்டது. ஒரு மாதம் நடந்த அறுப்பு, நாலு நாளில் முடிகிறது. நடவு மெஷினும் வருகிறது. வேலை கிடைக்கும் நாட்கள் குறைந்துவிட்டன. ராஜபாளையம் பஞ்சாலைகளுக்குப் பஸ் ஏறும் தோழர்கள் ஷிப்டு முழுவதும் நிற்கிறார்கள், நடக்கிறார்கள். ஆனால் மண்வெட்டி பிடித்தவரின் தேக உழைப்பு வேறு. அன்று கிடங்கு தினமும் காலியாயிற்று. இன்று காலியாவதில்லை, தட்டிலுள்ள சோறோ அப்படியே இருக்கிறது.

இரவு ஷிப்டு இன்னொரு சங்கடம். ராத்திரி நேரத்தில் உடம்பு சர்க்கரையைக் கையாளும் திறன் குறைவு. தூக்கம் கெட்டால் மேலும் குறைவு. கண் சொக்காமல் இருக்க டீ குடிக்கிறோம். ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன், 10 கிராம் சர்க்கரை. ஆறு டீக்கு 60 கிராம். சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை நாளுக்கு 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள் இருக்கட்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனம் 2015ல் சொன்ன அளவு. டீயிலேயே அது தாண்டிவிடுகிறது.

வீட்டில் செய்யக்கூடியது

ஒரு தட்டைக் கற்பனை செய்யுங்கள். பாதித் தட்டுக்குக் கீரை, காய். கால் தட்டுக்குச் சோறு. மீதிக் கால் தட்டுக்குப் பருப்பு, பயறு, முட்டை, மீன். "இது நடக்கிற காரியமா?" என்பீர்கள். முழுவதும் நாளைக்கே நடக்காது. ஆனால் தொடங்க முடியும். 50 கிராம் கானப் பயற்றில் 11 கிராம் புரதம். ஒரு கை நிலக்கடலையில், 50 கிராமில், 12 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 50 கிராம். தட்டாம்பயறு, மொச்சை, பாசிப்பயறு எல்லாம் நம் கரிசலிலும் செம்மண்ணிலும் விளைபவை. முருங்கைக் கீரை வேலியில் நிற்கிறது. அகப்பையில் ஒரு கரண்டிச் சோறு குறையட்டும். ஒரு கரண்டிப் பயறு கூடட்டும். முதலில் காயும் பயறும், பிறகு சோறு என்று சாப்பிட்டால் சர்க்கரை ஏறும் வேகமும் குறைகிறது. சாப்பிட்டவுடன் படுக்காமல் பத்து நிமிஷம் நடந்தாலும் பலன் உண்டு.

சுமை தூக்கும் நாளில், களைவெட்டும் நாளில் வயிற்றைக் காயப் போடாதீர்கள். உழைப்புக்குச் சக்தி வேண்டும். வேலை இல்லாத நாளில் அளவைக் குறையுங்கள். உப்பையும் கருவாட்டையும் அளவோடு வையுங்கள். ரத்தக் கொதிப்புக்கு அது காரணம். பீடியை விடுங்கள், ரத்தக் குழாய்க்கு அதைவிடப் பகைவன் இல்லை.

ஏற்கெனவே மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் திடீரென்று சோற்றை வெகுவாகக் குறைத்தால், சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிக் கை நடுக்கம், வேர்வை, மயக்கம் வரலாம். டாக்டரிடம் சொல்லி மருந்தின் அளவையும் சரி செய்யுங்கள். மாத்திரையைத் தாமாக நிறுத்தவே கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பருப்பைக் கூட்டுமுன் டாக்டரைக் கேளுங்கள்.

முப்பது வயதைத் தாண்டிய ஒவ்வொருவரும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தமும் கொதிப்பும் பார்த்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் 126ம் அதற்கு மேலும் இருந்தால் வியாதி. மறுமுறையும் பார்த்து உறுதி செய்வார்கள். 100க்கு மேல் இருந்தாலே எச்சரிக்கை மணி. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரைகளை வீட்டிலேயே கொண்டுவந்து தருகிறார்கள். 2023 முதல் மாரடைப்புக்கான முதல் வேளை மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே வைத்திருக்கிறார்கள். மாரில் பாரம், இடது கையில் இழுப்பு, திடீர் வேர்வை என்றால் சோடாக் கடைக்கு ஓடாமல் 108க்குப் போன் செய்யுங்கள்.

புத்திமதி போதுமா?

தோழர்களே, "குறைவாகச் சோறு சாப்பிடு, நிறையப் பருப்புச் சாப்பிடு" என்று சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்குவது எளிது. பருப்பு விலை என்ன, கூலி என்ன என்று கேட்காத புத்திமதி பாதிப் புத்திமதிதான். சோறு ஏன் தட்டை நிறைக்கிறது? அதுதான் மலிவு. 2011 ஜூனிலிருந்து தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி இலவசம். பஞ்சத்தை வாசலில் நிறுத்திய பெரிய காரியம் அது. அதில் ஒரு மணியையும் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆனால் 2007ல் தொடங்கிய சிறப்பு விநியோகத்தில் துவரம்பருப்பு எவ்வளவு? கார்டுக்கு மாதம் ஒரு கிலோ, 30 ரூபாய்க்கு. நாலு பேர் குடும்பத்தில் ஆளுக்கு நாளுக்கு 8 கிராம். அதில் கிடைக்கும் புரதம் 2 கிராம்கூட இல்லை. தேவையோ 50 கிராம்!

சர்க்கார் நினைத்தால் மக்களின் ரத்தத்தையே மாற்ற முடியும் என்பதற்கு உதாரணம் உண்டு. கரும்புத் தோட்டங்களுக்கு நம் தமிழ் மக்கள் கூலிகளாகப் போன மொரீஷியஸ் தீவில், 1987ல் ஒரு சுகாதாரத் திட்டம் தொடங்கினார்கள். ரேஷனில் கொடுத்த சமையல் எண்ணெய் பெரும்பாலும் பாமாயில். அதை மாற்றிச் சோயா எண்ணெய் கொடுத்தார்கள். ஐந்தே வருஷத்தில் தீவு மக்களின் சராசரி ரத்தக் கொழுப்பு ஏழில் ஒரு பங்கு குறைந்தது. அங்கே சர்க்கரை வியாதி குறையவில்லை. எண்ணெயை மட்டும் மாற்றினால் போதாது, தட்டு முழுவதையும் பார்க்கவேண்டும் என்பது அதிலுள்ள பாடம். நம் ரேஷனில் இன்றும் பாமாயில்தான் வருகிறது.

ஆகவே நம் கோரிக்கைகள் இவை:

1. பருப்பைக் கார்டுக் கணக்கில் அல்லாமல் ஆள் கணக்கில் கொடுக்கவேண்டும். துவரையோடு கானம், பாசிப்பயறு, தட்டாம்பயறு, நிலக்கடலையும் வேண்டும். சங்கரன்கோவில், கோவில்பட்டிக் கரிசல் விவசாயிகளிடமிருந்து நேராக நியாய விலைக்கு வாங்கவேண்டும்.

2. நீலகிரி, தர்மபுரி மாவட்டங்களில் 2023ல் அரிசியில் ஒரு பங்குக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். விரும்புகிறவர்களுக்கு நம் ஜில்லாவிலும் அது வேண்டும். தீட்டாத புழுங்கல் அரிசியும் அதே போல் வேண்டும்.

3. பாமாயிலுக்குப் பதில் இங்கே விளையும் கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் ரேஷனில் வரவேண்டும்.

4. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கேண்டீன் வேண்டும் என்று 1948ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டமே சொல்லிற்று. கேண்டீன் இருந்தால் போதாது. இரவு ஷிப்டில் சுண்டலும் முட்டையும் மலிவாகக் கிடைக்கவேண்டும். ஆலையிலேயே பரிசோதனை நடக்கவேண்டும். 2024ல் தொழிலாளரைத் தேடி மருத்துவம் தொடங்கியது. அது எல்லா ஆலை வாசலுக்கும் வரட்டும்.

5. கூலி நிர்ணயிக்கும்போது அரிசி விலையை மட்டும் பார்க்காமல், பருப்பு, முட்டை, காய்கறி விலையையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

இவை ஆடம்பரக் கோரிக்கைகள் அல்ல. அரைவயிற்றுக் கஞ்சிக்காகப் போராடினோம். வயிறு நிறையச் சோறு கிடைத்தது. அந்தச் சோற்றின் பக்கத்தில் பருப்பும் கீரையும் முட்டையும் வந்து உட்காரும்வரை அந்தப் போராட்டம் பாதியில் நிற்கிறது. அடுத்த கிராம சபையில் இந்த ஐந்து கோரிக்கைகளையும் எழுதிக் கொடுங்கள். சங்கக் கூட்டத்தில் தீர்மானம் போடுங்கள். இன்று வீட்டுக்குப் போனதும் பயற்றை ஊறப் போடுங்கள். நாளைக் காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரிசையில் நில்லுங்கள்.